அரைக்கால் அங்குலம் போன இடம்: ஒரு சிவப்பு வெள்ளை ஒட்டுப்போர்வையின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒற்றைக் கட்டிலுக்கான, துணித்துண்டுகளை இணைத்துத் தைத்த ஓர் ஒட்டுப்போர்வை. அகலம் 66 அங்குலம், நீளம் 90 அங்குலம் என்று திட்டம். பொழுதுபோக்காகத் தைப்பவர் ஒருவர் வீட்டு மிஷினில் மேல்துணியை இணைத்து, மேல்துணி, நடுப்பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கில்டிங் தையலைக் கையால் போட்டார். தையல் சீராக இருந்தது, இஸ்திரி சுத்தமாக இருந்தது, வண்ணத் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நான்கு கோளாறுகள் வந்தன. பிளாக்குகள், அதாவது வடிவத்தின் சதுரக் கட்டங்கள், சிறுத்தன. பார்டர் அப்பளம்போல் அலை அலையாக நின்றது. அடித்துணியில் மடிப்பு விழுந்தது. முதல் சலவையில் வெள்ளை இளஞ்சிவப்பானது.

முதல் மூன்றும் ஒரே இடத்தில் தொடங்கியவை. நான்காவதற்கும் அவற்றுக்கும் உறவில்லை.

வடிவமும் கணக்கும்

தேர்ந்தெடுத்த வடிவம் 'ஐரிஷ் செயின்' எனப்படும் பழைய அமெரிக்க வடிவத்தின் எளிய வகை. ஒன்பது சிறு சதுரங்கள் கொண்ட பிளாக் ஒன்று, வெறும் வெள்ளைப் பிளாக் ஒன்று, இரண்டையும் சதுரங்கப் பலகைபோல் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒன்பது சதுரங்களில் நான்கு மூலைகளும் நடுவும் சிவப்பு, மீதி நான்கு வெள்ளை. அடுக்கி முடித்தால் சிவப்புச் சதுரங்கள் மூலைவிட்டமாகச் சங்கிலிபோல் ஓடும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வடிவம் இல்லை என்பார்கள். அதில் பாதிதான் உண்மை. தைக்க எளிது, ஆனால் அளவு பிசகினால் ஒளித்துவைக்க இடம் தராது. சங்கிலியின் ஒரு கண்ணி நகர்ந்தாலும் கண்ணில் படும்.

சிறு சதுரம் தைத்து முடித்தபின் 2 அங்குலம், வெட்டும்போது 2½. பிளாக் முடிந்த அளவு 6 அங்குலம். அகலத்தில் 9, நீளத்தில் 13, மொத்தம் 117 பிளாக். அதில் ஒன்பது சதுரப் பிளாக் 59, வெள்ளைப் பிளாக் 58. வரிசை, நிரை இரண்டையும் ஒற்றைப்படையாக வைத்தால்தான் நான்கு மூலையிலும் ஒரே மாதிரிப் பிளாக் வரும். நடுப்பகுதி 54க்கு 78. அதைச் சுற்றி 1½ அங்குலச் சிவப்பு உள்பார்டர், அதற்கு வெளியே 4½ அங்குலப் பூப்போட்ட வெளிப்பார்டர். ஒவ்வொரு பக்கமும் 6 அங்குலம் கூடி 66க்கு 90 ஆகிறது.

சிறு சதுரங்களைத் தனித்தனியாக வெட்டித் தைப்பது வீண் வேலை. பட்டையாக வெட்டி, மூன்று பட்டைகளைச் சேர்த்துத் தைத்து, பிறகு குறுக்கே துண்டு போடுவதே வழக்கம். 44 அங்குல அகலத் துணியில் ஓரக்கரையை நீக்கினால் 42 அங்குலம் கிடைக்கும். அதில் 2½ அங்குலத் துண்டு 16 வரும். ஒவ்வொரு பிளாக்குக்கும் சிவப்பு-வெள்ளை-சிவப்புத் துண்டு இரண்டு, வெள்ளை-சிவப்பு-வெள்ளைத் துண்டு ஒன்று. 59 பிளாக்குக்கு முதல் வகை 118, இரண்டாம் வகை 59. ஆகவே முதல் வகைச் சேர்ப்பு 8, இரண்டாம் வகைச் சேர்ப்பு 4. சிவப்புப் பட்டை 20, வெள்ளைப் பட்டை 16.

துணிக் கணக்கு இப்படி வந்தது. சிவப்பு: சங்கிலிக்கு 50 அங்குலம், உள்பார்டருக்கு 2 அங்குலப் பட்டை 7, கடைசியில் ஓரத்தை மூடித் தைக்கும் ஓரக்கட்டுக்கு 2¼ அங்குலப் பட்டை 8, ஆக 82 அங்குலம். வெள்ளை: பட்டைகளுக்கு 40, 6½ அங்குலச் சதுரங்கள் 58க்கு 65, ஆக 105 அங்குலம். பூத்துணி: 5 அங்குலப் பட்டை 8, அதாவது 40 அங்குலம். அடித்துணி நாற்புறமும் 4 அங்குலம் கூடுதலாக, 74க்கு 98. 98 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி நடுவே இணைக்க வேண்டும். பருத்தித் துணி தண்ணீர் பட்டால் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும் என்பதால், வாங்கியது சிவப்பு 2½ மீட்டர், வெள்ளை 3, பூத்துணி 1¼, அடித்துணி 5½. நடுவே வைக்கும் பஞ்சு அடுக்கான வாடிங், சதுர மீட்டருக்கு 100 கிராம் எடையுள்ள பாலியஸ்டர் ஷீட்.

வாடிங் தவிர, துணிகள் எல்லாமே சுத்தப் பருத்தி. இது முக்கியம். பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன் துண்டு ஒன்று நடுவில் கலந்தாலும் அது மட்டும் இஸ்திரிக்கு மடங்காது, சுருங்கவும் செய்யாது. சுற்றியிருக்கும் பருத்தி சுருங்கும்போது அது கொப்புளம்போல் எழும்பி நிற்கும்.

முதல் கோளாறு: சிறுத்த பிளாக்

ஒன்பது சதுரப் பிளாக் தைத்து முடித்ததும் 6½ அங்குலம் இருக்க வேண்டும். அந்த 6½-இல் இரண்டு பக்கமும் கால் கால் அங்குலம் அடுத்த தையலுக்குள் போய், 6 மிஞ்சும். இங்கே 59 பிளாக்கும் 6⅜ இருந்தன. அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு, குறைவு. எல்லாமே ஒரே அளவில் குறைந்திருந்ததால் தைத்தவருக்கு அது தெரியவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தின. அளவுகோல் வைத்துப் பார்க்கவில்லை.

ஒரு பிளாக்கில் குறுக்கே இரண்டு தையல். அரைக்கால் அங்குலத்தை இரண்டாகப் பிரித்தால் தையலுக்கு ஒரு வீசம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. ஒவ்வொரு தையலும் இரண்டு துணியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது, ஆகவே துணிக்கு அரைவீசம், அதாவது முப்பத்திரண்டில் ஒரு பங்கு அங்குலம். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பிளவுஸ் தைப்பவர் இதைப் பொருட்படுத்தவே மாட்டார், படுத்தத் தேவையும் இல்லை. பிளவுஸில் தையல் பத்துப் பன்னிரண்டு. இந்தப் போர்வையின் ஒரு வரிசையில் மட்டும் இடமிருந்து வலமாகப் போனால் 18 தையலைத் தாண்ட வேண்டும்.

தைத்தவர், துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் ஓரத்தைத் துணியின் ஓரத்தோடு சேர்த்து ஓட்டினார். ஊசிக்கும் பாதத்தின் ஓரத்துக்கும் இடைவெளியை அளந்தபோது சரியாகக் கால் அங்குலம். பிறகு ஏன் குறைந்தது? தையலைப் பிரித்துப் பரப்பாமல் ஒரு பக்கமாக மடித்து இஸ்திரி போடும்போது, அந்த மடிப்பின் வளைவே ஒன்றிரண்டு இழை அகலத்தைத் தின்னும். நூல் தடிமனாக இருந்தால் வளைவும் பெரிதாகும். இங்கே போட்டது தடித்த நூல். அதோடு இஸ்திரியைத் துணியின் பின்பக்கம் மட்டும் போட்டிருந்தார். முன்பக்கம் தையல் ஓரத்தில் மெல்லிய உதடுபோல ஒரு மடிப்பு மறைந்திருந்தது. மூன்றும் சேர்ந்ததுதான் அந்த அரைவீசம்.

ஆகவே ஒட்டுப்போர்வைக்குக் கால் அங்குலம் என்றால், கால் அங்குலத்துக்கு ஓரிழை குறைவு என்று பொருள். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. மில்லிமீட்டர் கிராப் தாளை நேராக வெட்டி, ஊசியைக் கையால் இறக்கி, தாளின் ஓரத்திலிருந்து 6 மி.மீ. கோட்டில் குத்த வேண்டும். தாளின் ஓரம் நிற்கும் இடத்தில், மிஷின் தட்டின்மேல் மருந்துப் பிளாஸ்திரியை மூன்று நான்கு அடுக்காக ஒட்டினால் அதுவே வேலி. துணி அதில் உரசிக்கொண்டு ஓடும். பிறகு 2½ அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்து, முன்பக்கமும் இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக 2 அங்குலம் இருந்தால் வேலி சரியான இடத்தில் இருக்கிறது. 1 அங்குலம் 15 வீசம் என்று காட்டினால் வேலியை ஊசிக்கு அருகே நகர்த்த வேண்டும். இந்த மிஷினில் மெல்லிய 50-ஆம் எண் பருத்தி நூல் போட்டு, வேலியை 5¾ மி.மீ.க்குக் கொண்டுவந்தபோது அளவு பிடித்தது. இன்னொரு மிஷினில் வேறு எண் வரும். ஆகவே எண்ணை மனப்பாடம் செய்யாமல், இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது. பாதி வேலையில் மிஷினை மாற்றக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

உண்மையில் 59 பிளாக்கும் ஒரே சீராக 6⅜ வந்தது மட்டும் பிழையே இல்லை. போர்வை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். பிழை எங்கே என்றால், 58 வெள்ளைச் சதுரங்களையும் திட்டத்தைப் பார்த்து முதல் நாளே 6½ அங்குலமாக வெட்டி அடுக்கிவைத்ததில். வெள்ளைச் சதுரத்துக்குள் தையலே இல்லை, அது எங்கும் சுருங்காது. 6⅜-ஐயும் 6½-ஐயும் பக்கத்தில் வைத்துத் தைத்தால் யாராவது ஒருவர் இழுபட வேண்டும். இங்கே இழுபட்டது ஒன்பது சதுரப் பிளாக்.

வெறும் பிளாக்கைக் கடைசியில் வெட்ட வேண்டும். தைத்த பிளாக்குகளில் பத்தை அளந்து, வரும் அளவே அந்தப் போர்வையின் அளவு என்று வைத்துக்கொண்டு, வெள்ளையை அந்த அளவுக்கு வெட்டினால் கதை அங்கேயே முடிந்திருக்கும். புத்தகங்களில் வெட்டும் பட்டியல் முழுவதையும் முதல் பக்கத்தில் போடும் வழக்கம் இந்த விஷயத்தில் கெடுதலே செய்கிறது.

இஸ்திரியில் சரியாகச் செய்தது

சரியாக வந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வகைச் சேர்ப்பிலும் தையலைச் சிவப்புப் பக்கம் மடித்திருந்தார். முதல் வகையில் சிவப்பு வெளியே இருப்பதால் மடிப்பு வெளிப்பக்கம் போகும். இரண்டாம் வகையில் சிவப்பு நடுவே இருப்பதால் உள்பக்கம் போகும். இரண்டையும் முகத்தோடு முகம் வைத்தால் எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே மேடு தட்டாமல் நழுவி உட்காருவது தெரியும். ஊசி குத்திப் பிடிக்கக்கூடத் தேவையில்லை, மூலைகள் தாமே சேரும். பிளாக்குகளை வரிசையாக இணைக்கும்போது மடிப்பை வெள்ளைப் பிளாக் பக்கம் போட்டதால், அடுத்தடுத்த வரிசைகளிலும் இதே பூட்டு கிடைத்தது.

இதற்கு ஒரு விலை உண்டு. சிவப்புத் துணியின் ஓரம் வெள்ளைக்கு அடியில் போவதால், மெல்லிய வெள்ளையாக இருந்தால் நிழல்போல் தெரியும். நெருக்கமாக நெய்த வெள்ளை வாங்குவது ஒரு வழி. மடிப்புக்குள் இருக்கும் சிவப்பு ஓரத்தை மட்டும் இரண்டு இழை குறைத்து நறுக்கி, வெள்ளை அதை மூடும்படி விடுவது இன்னொரு வழி. இங்கே முதலாவது செய்திருந்தார், நிழல் விழவில்லை.

இரண்டாம் கோளாறு: அலைந்த பார்டர்

தையலுக்கான ஓரத்தோடு நடுப்பகுதி 54½க்கு 78½ இருந்திருக்க வேண்டும். பிளாக்குக்கு அரைக்கால், இணைப்புக்கு ஒரு வீசம் என்று குறைந்துகொண்டே வந்ததில், நீளவாக்கில் 12 இணைப்புக்கு முக்கால் அங்குலமும், ஒன்பது சதுரப் பிளாக் ஆறு ஏழுக்கு இன்னொரு முக்கால் அங்குலமும் போயிற்று. நடுவில் அளந்தால் 77 அங்குலம். அகலம் 53½.

ஆனால் பார்டரைத் திட்டப்படி 78½-க்கு வெட்டியிருந்தார். இரண்டு முனையையும் ஊசி குத்திப் பொருத்திவிட்டு, நடுவில் இழுத்துப் பிடித்துத் தைத்தார். ஓரத்துப் பிளாக்குகள் கொஞ்சம் நீண்டுகொடுத்தன. இடது ஓரம் 77¾ ஆயிற்று. மிச்சம் முக்கால் அங்குலத்துக்குப் போக்கிடம் இல்லாமல் பார்டரில் அலையாக நின்றது. தரையில் விரித்தபோது நடுப்பகுதி படிந்து கிடக்க, ஓரம் மட்டும் நான்கைந்து இடத்தில் மேடு தட்டியது.

இந்த இடத்தில்தான் எல்லோரும் செய்யும் தவறைச் செய்தார்: கில்டிங் போட்டால் அடங்கிவிடும் என்று மேலே போனார். அடங்காது. ஒரு தேக்கரண்டி அளவு தளர்ச்சி என்றால் அடங்கலாம். முக்கால் அங்குலம் அடங்காது, மடிப்பாகும்.

பார்டரின் நீளத்தைத் திட்டத்திலிருந்து எடுக்கக்கூடாது, போர்வையின் ஓரத்தை அளந்தும் எடுக்கக்கூடாது. ஓரம் கைபட்டுக் கைபட்டு நீண்டிருக்கும். நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒரு சாண் உள்ளே தள்ளி ஒவ்வொன்று, மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுக்க வேண்டும். பார்டர்ப் பட்டையைப் பாவு வாக்கில், அதாவது ஓரக்கரைக்கு இணையாக, வெட்டினால் இன்னும் நல்லது. துணி பாவு வாக்கில் இழுபடுவது மிகக் குறைவு, குறுக்கே ஊடை வாக்கில் கொஞ்சம் இழுபடும், மூலைவிட்டமாக வெட்டினால் ரப்பர்போல் நீளும்.

மூன்றாம் கோளாறு: அடித்துணியில் மடிப்பு

கில்டிங் கையால் ஓட்டுத்தையலாகப் போட்டது, அங்குலத்துக்கு ஏழு தையல். சிவப்புச் சங்கிலியின் மூலைவிட்டங்களே கோடு. இந்த வடிவத்தில் அருகருகே போகும் இரண்டு மூலைவிட்டக் கோடுகளுக்கு இடையே 8½ அங்குலம் இருக்கும். வெள்ளைப் பிளாக்கின் நடுவே தையலே விழாது. பாலியஸ்டர் வாடிங்குக்கு அது அதிக இடைவெளி, நாலைந்து சலவையில் உள்ளே சுருண்டுவிடும். அதனால் ஒவ்வொரு வெள்ளைப் பிளாக்கிலும் 4 அங்குல வட்டம் ஒன்று சேர்த்தார். அளவுக்கு எவர்சில்வர் கிண்ணத்தின் மூடி. வெள்ளையில் கோடு போட நீரில் கரையும் நீலப் பேனா, சிவப்பில் தேய்ந்த சோப்புத் துண்டு. நீலப் பேனாவில் கோடு போட்ட இடத்தில் இஸ்திரி படக்கூடாது, சூடு பட்டால் கோடு நிரந்தரமாகத் தங்கிவிடும். சூட்டில் மறையும் பேனாக்களின் கோடு குளிரில் திரும்பத் தலைகாட்டும், அதையும் தவிர்ப்பது நல்லது.

மூன்று அடுக்கையும் தற்காலிகமாகப் பிடிக்க நூலோட்டியபோது வரிக்கு வரி 10 அங்குலம் விட்டிருந்தார். நேரத்தை மிச்சம் பிடித்தார். கில்டிங் நடுவிலிருந்து வெளியே போகப் போக, தளர்ச்சி எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்படும். நூலோட்டம் நெருக்கமாக இருந்தால் அது ஆங்காங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறும். 10 அங்குல இடைவெளியில் அது ஒன்றாகத் திரண்டு, ஏற்கெனவே அலைந்துகொண்டிருந்த பார்டரின் வாசலில் வந்து நின்றது. கடைசி வரிசைப் பிளாக்குகளில் முதல் தையல் போட்டுத் திருப்பிப் பார்த்தபோது அடித்துணியில் ஏழெட்டு மடிப்பு.

அடித்துணியைத் தரையில் தலைகீழாக விரித்து, நாற்புறமும் டேப் ஒட்டிச் சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் விறைப்பாக்க வேண்டும். முரசுத்தோல்போல் இழுத்தால், டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணியைக் கசக்கும். மொசைக் தரை நல்லது, கட்டில் கூடாது. அதன்மேல் வாடிங், அதன்மேல் மேல்துணி. நூலோட்டமோ ஊக்கோ எதுவானாலும் நாலு அங்குலத்துக்கு ஒன்று. உள்ளங்கையை எங்கே வைத்தாலும் அடியில் ஒரு நூலாவது தட்டுப்பட வேண்டும்.

திருத்திய முறை

பிளாக்குகளைப் பிரிக்கவில்லை. 6⅜-உம் 6½-உம் இணைந்த இடத்தில் அரைக்கால் அங்குல வேறுபாடு பரவி ஒளிந்துகொண்டது. சங்கிலி மூலைகள் பூட்டி நின்றதால் கண்ணுக்குப் படவில்லை. 6 அங்குலத்துக்கு அரைக்கால் என்றால் பருத்தி தாங்கும். கால் அங்குலமாக இருந்திருந்தால் பிரித்தே ஆக வேண்டும்.

பிரித்தது பார்டரை. ஓரத்திலிருந்து 6 அங்குலம் வரை கில்டிங்கையும் நூலோட்டத்தையும் நீக்கி, வாடிங்கையும் அடித்துணியையும் உள்பக்கம் சுருட்டி ஊக்கு மாட்டி, மேல்துணியின் ஓரம் மட்டும் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். தையல் பிரிக்கும் சீம் ரிப்பரால் மூன்று தையலுக்கு ஒன்று அறுத்து, மறுபக்க நூலை இழுத்தால் முழுப் பார்டரும் கழன்று வரும்; ஒவ்வொரு தையலாகக் குத்திப் பிரித்தால் துணி நைந்துபோகும். நீண்டிருந்த ஓரங்களில் தண்ணீர் தெளித்து, இஸ்திரியை இழுக்காமல் எடுத்து எடுத்து வைத்து அழுத்தியதில் இடது ஓரம் 77¾-லிருந்து 77¼-க்குத் திரும்பியது.

உள்பார்டரின் பக்கப்பட்டை இரண்டையும் 77 அங்குலத்துக்கு வெட்டி, பட்டையையும் ஓரத்தையும் நான்காக மடித்து அடையாளமிட்டு, அடையாளத்தோடு அடையாளம் ஊசி குத்தினார். தைக்கும்போது நீளமான பக்கம், அதாவது போர்வை, கீழே, பட்டை மேலே. மிஷினின் பல் கீழ்த்துணியைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே தள்ளும் என்பதால், அந்தக் கால் அங்குல மிச்சத்தை அதுவே விழுங்கிக்கொண்டது. மேல் கீழ்ப் பட்டைகள் 56½. பிறகு வெளிப்பார்டர் அதே முறையில். கடைசி அளவு 65க்கு 88½. தரையில் விரித்தபோது படிந்து கிடந்தது.

ஓரக்கட்டுக்கு நம் தையல்காரர்கள் பழக்கத்தில் கிராஸ் பீஸ், அதாவது மூலைவிட்டப் பட்டை, வெட்டச் சொல்வார்கள். நேர் ஓரத்துக்கு அது தேவையில்லை. நேர்வெட்டுப் பட்டை போதும், துணியும் மிச்சம். 2¼ அங்குலப் பட்டைகளை 45 பாகையில் இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பில்லாத ஓரத்தை முன்பக்கம் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே தையலை நிறுத்தி, பட்டையை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, திரும்பக் கீழே இறக்கி அடுத்த பக்கம் தொடங்கினால் மூலை கூர்மையாக வரும்.

ஒரு விஷயம் இங்கே நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் 'கவந்தி'யில் இந்த மூன்று கோளாறும் வரவே வராது. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளின் ஓரத்தை உள்ளே மடித்து நேராக அடித்துணியோடு சேர்த்து ஓட்டுத்தையல் போட்டபடி ஓரத்தைச் சுற்றி வந்து, சுற்றுச் சுற்றாக நடுவை நோக்கிப் போவார்கள். இணைப்பதும் கில்டிங்கும் ஒரே தையல். ஓரம் முதலிலேயே முடிந்துவிடுவதால் அலைய எதுவும் இல்லை. துண்டு பெரிதோ சிறிதோ, அடுத்த துண்டு அதற்கேற்ப மடங்கும். மூலைகளில் 'ஃபூலா' என்ற மடித்த முக்கோணத் துண்டுகள் வைத்து முடிப்பார்கள். அளவுகோல் இல்லாமல் தொடங்க நினைப்பவருக்குப் பிளாக் முறையைவிட அதுவே பொருத்தம்.

நான்காம் கோளாறு: சாயம்

எல்லாத் துணியையும் முன்கூட்டி நனைத்தவர், சிவப்பைக் குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, கல் உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்து, சாயம் நின்றுவிட்டது என்று நம்பினார். உப்பு சாயத்தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ள உதவும். ஏற்கெனவே சாயமேறிய பருத்தியில் அது எதையும் பூட்டாது. வினிகர் பருத்திக்கு ஒன்றுமே செய்யாது. குளிர்ந்த நீரில் சாயம் இறங்காததும் சான்று ஆகாது. நூலில் ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயம் வெந்நீரில்தான் வெளியே வரும்.

சோதனை இப்படி: கையளவு சிவப்புத் துண்டை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில், கை பொறுக்காத சூட்டில், சலவைத்தூள் கலந்த நீரில், மேலே ஒரு வெள்ளைத் துணித்துண்டும் போட்டு அரைமணி நேரம் விட வேண்டும். நீர் நிறம் மாறினாலும் வெள்ளைத்துண்டு வெள்ளையாக இருந்தால் கவலையில்லை. வெள்ளைத்துண்டில் நிறம் ஏறினால் முழுத்துணியையும் அதே சூட்டில் நீர் தெளியும்வரை மூன்று நான்கு தடவை அலசிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அப்போதும் ஏறினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்கத் தகுதியில்லாதது. நேரடிச் சாயம் ஏற்றிய மலிவான சிவப்பு பாப்ளின்களில் பல இந்த ரகம், எத்தனை சலவையானாலும் விட்டுக்கொண்டே இருக்கும்.

சிவப்பு வெள்ளைப் போர்வை 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவ்வளவு பரவியதற்கே சாயம்தான் காரணம். எண்ணெயும் படிகாரமும் ஏற்றி மஞ்சிட்டி இனச் செடியின் வேரில் தோய்க்கும் 'துருக்கிச் சிவப்பு' வெந்நீரிலும் விடாது, வெள்ளைக்குப் பக்கத்தில் துணிந்து வைக்கலாம். சோழமண்டலக் கரையின் துணிகளுக்கு அதே வேலையைச் செய்தது நம் சாயவேர், இம்பூரல் என்று நாட்டு வைத்தியத்தில் அறியப்படும் செடியின் வேர். நியூயார்க்கில் 2011-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 651 சிவப்பு வெள்ளைப் போர்வைகளை ஒரே மண்டபத்தில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். அதற்கு அந்த விடாச் சாயத்துக்கும் ஒரு நன்றி சொல்லலாம்.

இந்தப் போர்வையை முதல் சலவைக்கு மிஷினில் சாதாரண நீரில் போட்டு எடுத்து, ஈரத்தோடு இரண்டு மணி நேரம் மடித்தே வைத்திருந்தார். மடிப்பில் சிவப்பு வெள்ளையோடு ஒட்டிக் கிடந்த இடமெல்லாம் இளஞ்சிவப்பு. நல்லவேளையாகக் காயவைக்கவில்லை, இஸ்திரி போடவில்லை. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் 60 டிகிரி வெந்நீர், தாராளமாகத் திரவச் சோப்பு, போர்வை முழுக்க மூழ்கி மிதக்குமளவு தண்ணீர். நீர் குறைவாக இருந்தால் இறங்கிய சாயம் திரும்ப வெள்ளையில் ஏறும். 12 மணி நேரம் ஊறவைத்து நீரை மாற்ற, முதல் நீர் மாதுளைச் சாறுபோல் இருந்தது. நான்காவது நீர் தெளிந்தது. வாடிங் பாலியஸ்டர் என்பதால் அத்தனை சூட்டையும் தாங்கியது.

58 வெள்ளைப் பிளாக்கில் 54 பழையபடி வெளுத்தன. கீழ்வரிசையில் மடிப்பின் அடியில் கிடந்த நான்கில் மட்டும் ரோஜா நிறச் சாயல் தங்கிவிட்டது. பிளீச் போட வேண்டாம் என்று முடிவு. அது சிவப்பையும் தின்னும், நூலையும் தின்னும். அந்த முனை இனிக் கால்மாடு.